ஹெரால்டு ஸ்டீயரிங்கில் ஆட்டம்: புஷ் போதுமா, ராடையே மாற்றணுமா?

எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1969ஆம் வருஷத்து வண்டி. தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது, இப்போது என் கையில். போன தீபாவளி கழிந்த வாரம் அவிநாசி போய்விட்டுத் திரும்பும்போதுதான் கவனித்தேன். சாலை கொஞ்சம் கரடுமுரடானாலும் ஸ்டீயரிங் வீல் என் கைக்குள் தனியாக ஆடியது. வீட்டில் நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் வீலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தேன். உரலில் உலக்கை இடிபடுவதுபோல் ‘டொக், டொக்’ என்று சத்தம். டேஷ்போர்டு வரைக்கும் அதிர்ந்தது.

நாலு பேரிடம் கேட்டேன், நாலு விதமாகச் சொன்னார்கள். ஸ்டீயரிங் ராடைத் தாங்கும் வளையமான புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும் என்றார் ஒருவர். சென்னை புதுப்பேட்டையில் பழைய செட்டு கிடைக்கும், கழற்றி மாட்டிவிடு என்றார் இன்னொருவர். இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதுதான் முறை என்றார் பழைய கார் வைத்திருக்கும் நண்பர். எதிர்வீட்டுத் தம்பி, “எதுக்குண்ணா இந்தக் கஷ்டம், எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் போட்டுடுங்க” என்றான். நாலையும் விசாரித்து, கணக்குப் போட்டு, கடைசியில் ஒன்றைச் செய்தும் முடித்துவிட்டேன். ஹெரால்டோ, அதற்குப் பின் வந்த கெசலோ வைத்திருந்து இதே கேள்வியோடு நிற்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் இந்த ஸ்டீயரிங் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் கை வைத்தால் நல்ல பாகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கெட்டதை மாட்டிக்கொள்வோம்.

டிரையம்ஃப் ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. உடலை வரைந்தவர் இத்தாலியர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. இந்தியாவில் வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961 முதல் 1971 வரை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கென்றே வந்தது. அந்தக் காலத்தில் நம் சாலைகளில் ஓடிய கார்களோடு ஒப்பிட்டால் இதன் ஸ்டீயரிங் தனி ரகம். ரேக் அண்டு பினியன்: வீலோடு சுற்றும் சின்னப் பல்சக்கரம் (பினியன்), பல் வெட்டிய ஒரு தண்டை (ரேக்) இடமும் வலமும் நகர்த்திச் சக்கரங்களைத் திருப்பும். 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுசாகத் திரும்பிவிடும். எங்கள் கோயம்புத்தூர் ஒப்பணக்கார வீதி மாதிரி நெரிசலான தெருவில் இதைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அந்த அருமை தெரியும்.

இன்னொரு விசேஷமும் உண்டு. ஸ்டீயரிங் காலம் என்று புத்தகத்தில் சொல்வதைப் பட்டறையில் ஸ்டீயரிங் ராடு என்கிறார்கள்; நானும் அப்படியே சொல்கிறேன். இந்த ராடு ஒரே துண்டாக இல்லை. வெளியே ஒரு குழாய். அதற்குள் இரண்டு துண்டாக ஷாஃப்ட், ஒன்றுக்குள் ஒன்று நுழையும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கிளாம்ப் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதன் போல்ட்டுகளைத் தளர்த்தினால் வீலை மார்புக்குக் கிட்டவோ தூரமாகவோ வைத்துக்கொள்ளலாம். முன்னால் மோதினால், அந்தக் கிளாம்ப் வழுக்கி ஒரு துண்டு இன்னொன்றுக்குள் இறங்கும். ராடு ஈட்டி மாதிரி ஓட்டுபவரின் நெஞ்சில் பாயாது. அறுபதுகளின் தொடக்கத்தில் வந்த சின்ன கார்களில் இதை யோசித்துச் செய்தவர்கள் குறைவு. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு வழியையும் நான் முதலில் எடைபோட்டது இதை வைத்துத்தான்: அந்த வழுக்கும் தன்மை மிஞ்சுமா, மிஞ்சாதா?

மற்ற பாகங்கள் எளியவை. வெளிக்குழாயின் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் புஷ் உண்டு; ஷாஃப்ட் அதில்தான் சுழல்கிறது. கீழே, எஞ்சின் பக்கம், ஷாஃப்ட்டையும் ரேக்கின் பினியனையும் இணைப்பது வட்டமான ஒரு ரப்பர் கப்ளிங். ரேக்கும் சேஸிஸில் நேராக உட்காரவில்லை. ரப்பர் மவுண்ட் வைத்து யு-போல்ட்டால் கட்டப்பட்டிருக்கிறது.

ஆட்டம் எங்கே என்று பார்க்காமல் காசைத் தொடாதீர்கள்

ஹெரால்டின் பானட் முன்பக்கமாக, மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாகத் திறக்கும். முன் டயர்மேலேயே உட்கார்ந்துகொண்டு ரேக், கப்ளிங் எல்லாவற்றையும் கண்ணெதிரே பார்க்கலாம். வேறு எந்தக் காரிலும் எனக்கு இந்தச் சௌகரியம் கிடைத்ததில்லை. தம்பியை உள்ளே உட்காரவைத்து, வீலை இடமும் வலமுமாக, கொஞ்சமே கொஞ்சம், மெதுவாக அசைக்கச் சொன்னேன். சக்கரம் தரையில்தான் இருக்க வேண்டும், ஜாக்கியில் தூக்கக் கூடாது.

எது முதலில் அசைகிறது, எது தாமதமாக அசைகிறது என்பதில்தான் விஷயம். ஷாஃப்ட் திரும்பியும் பினியன் உடனே திரும்பாமல் நடுவில் ரப்பர் முறுக்கிக்கொண்டால் கப்ளிங் போய்விட்டது. பினியன் திரும்பும்போது ரேக் உடம்பே பக்கவாட்டில் நகர்ந்தால் மவுண்ட் ரப்பர் போய்விட்டது. எஞ்சின் ஆயில் சொட்டிச் சொட்டி அது களி மாதிரி ஆகியிருக்கும். ரேக் நகர்ந்தும் சக்கரம் சும்மா இருந்தால், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் போய்விட்டது. வீல் மேலும் கீழும் ஆடினால் மட்டும்தான் புஷ். வீலை உங்கள் பக்கம் இழுக்கும்போது முன்னும் பின்னும் வந்தால், கிளாம்ப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

சட்டத்தில் இதற்கு ஓர் அளவு உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி, ஸ்டீயரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் வெறும் ஆட்டம் இருக்கக் கூடாது என்கிறது. 40 செ.மீ. விட்டமுள்ள வீலின் விளிம்பில் அது 10 செ.மீ.க்கும் மேல். லாரி, பஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட அளவு அது. ரேக் அண்டு பினியன் உள்ள ஹெரால்டில் ஒரு விரல்கடை ஆட்டம் வந்தாலே நான் தேட ஆரம்பித்துவிடுவேன். வீலில் ஒரு நூலைக் கட்டி, டேஷ்போர்டில் ஸ்கேலை ஒட்டி அளந்தேன்: எங்கள் வண்டியில் மூன்று செ.மீ. சட்டப்படி பாஸ்தான். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பார்த்ததில் தெரிந்தது இது. மேல் புஷ் முழுசாகத் தேய்ந்திருந்தது, கீழ் புஷ் பரவாயில்லை. கப்ளிங் ரப்பரில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி வெடிப்பு. ரேக் மவுண்ட் லேசாக மெத்தென்று இருந்தது. கிளாம்ப்பும் டை ராட் எண்டும் நன்றாக இருந்தன.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று. அப்பாவுக்கு ஒரு வருஷமாகவே “ஸ்டீயரிங் கனமா இருக்குப்பா, தோள் வலிக்குது” என்ற குறை. பவர் ஸ்டீயரிங் யோசனையை அவர் பிடித்துக்கொண்டதும் அதனால்தான். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கித் திருப்பியபோது வீல் வெண்ணெய் மாதிரி சுழன்றது. அப்படியென்றால் கனம் ராடில் இல்லை. முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் ட்ரன்னியனில் இருந்தது. அது பித்தளை நிறத்தில் மறை போட்ட ஒரு பாகம். அதற்குப் போட வேண்டியது கிரீஸ் இல்லை, இபி90 கியர் ஆயில். நிப்பிள் இருப்பதைப் பார்த்ததும் பட்டறைகளில் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் உள்ளே கட்டியாகி, மறைக்கு எண்ணெய் போகாமல் அடைத்துவிடும். கனம் மட்டும் இல்லை, நாள்பட்டால் உள்ளே இருக்கும் இரும்பு துருவேறி முறிந்து சக்கரமே மடிந்துவிடும். கழுவித் துடைத்து ஆயில் நிரப்பி, டயர் காற்றையும் சரியாக வைத்த பிறகு அப்பாவின் தோள்வலிப் பேச்சு பாதி குறைந்தது. அதனால், ‘ஸ்டீயரிங் கனம்’ என்பதற்காக யாரும் ராடைக் கழற்ற வேண்டாம்.

வேண்டவே வேண்டாதவை

தேய்ந்த புஷ்ஷுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே டின் தகடு செருகுவது, இன்சுலேஷன் டேப் சுற்றுவது, சைக்கிள் ட்யூபை வெட்டி நுழைப்பது எல்லாம் உண்டு. எங்கள் ராடைக் கழற்றியபோது உள்ளே மடங்கிப்போன ஒரு தகடு இருந்தது. எந்தக் காலத்தில் யார் வைத்ததோ. அதன் விளிம்பு ஷாஃப்ட்டில் வளையமாகக் கோடு போட்டிருந்தது. பத்து ரூபாய்த் தகட்டில் மிச்சம் பிடிக்கப் பார்த்து, கிடைக்காத ஷாஃப்ட்டைக் கீறிவிட்டார்கள்.

கப்ளிங்கை ஷாஃப்ட்டோடு சேர்த்து வெல்டு வைப்பதையும் இதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

புதுப்பேட்டை ராடு

எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டைக்கு இதற்காகவே ஒரு நாள் போனேன். ஹெரால்டு பாகங்கள் முன்னைப்போல் குவிந்து கிடக்கவில்லை, ஆனால் அடியோடு இல்லாமலும் இல்லை. இரண்டு ராடு பார்த்தேன். விலை பேசினால் இறங்கும். அது ஒரு பிரச்சினையே இல்லை.

பிரச்சினை வேறு. அந்த ராடு எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டி ஏன் உடைக்கப்பட்டது என்பது கடைக்காரருக்கும் தெரியாது. மோதிய வண்டி என்றால் கிளாம்ப் ஒருமுறை வழுக்கியிருக்கும், வெளிக்குழாய் நெளிந்திருக்கும். முதல் ராடைத் தரையில் உருட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு பக்கம் தூக்கித் தூக்கி உருண்டது. இரண்டாவது நேராக இருந்தது, ஷாஃப்ட் முனையில் வெட்டிய பற்களான ஸ்பிளைனும் கூர்மையாக இருந்தது. ஆனால் மேல் புஷ் எங்கள் வண்டியில் இருந்ததைவிட மோசம். ஐம்பது வருஷத்து ரப்பரையும் நைலானையும் கழற்றிவிட்டு இன்னொரு ஐம்பது வருஷத்து ரப்பரையும் நைலானையும் மாட்டி என்ன பயன்? எப்படியும் புஷ் மாற்றத்தான் வேண்டும். அப்படியானால் வரலாறு தெரிந்த என் சொந்த ராடிலேயே மாற்றிவிடலாமே.

புதுப்பேட்டை பயன்படுவது உலோகப் பாகம் போய்விட்டவர்களுக்கு. ஸ்பிளைன் மழுங்கிவிட்டது, ஷாஃப்ட் வளைந்துவிட்டது, கிளாம்ப் காணாமல் போய்விட்டது என்றால் வேறு வழி குறைவு. அப்போதும் உங்கள் ராடைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதெல்லாம் ஒன்று இல்லை. வெல்டு தழும்பு இருந்தால் தொடாதீர்கள். நான் அன்றைக்கு இண்டிகேட்டர் லீவரை மூடும் கவர் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். எங்களுடையது எப்போதோ உடைந்திருந்தது.

இங்கிலாந்திலிருந்து வரவழைப்பது

ஹெரால்டுக்கு நல்ல காலம், அதன் குடும்பம் பெரியது. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல் ஹெரால்டு செய்தார்கள். அதே சேஸிஸ் வழியில் வந்த ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை 1980 வரை செய்தார்கள். முன்பக்கத்துப் பாகங்கள் பலவும் இவற்றுக்குப் பொது. அதனால் புஷ், கப்ளிங், மவுண்ட் ரப்பர் எல்லாம் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். 1969ஆம் வருஷத்து அம்பாசடருக்கோ பியட்டுக்கோகூட இப்படி ஒரு பாகத்தை எண் சொல்லி வாங்குவது எளிதில்லை.

செலவு பாகத்தில் இல்லை, வழியில் இருக்கிறது. சின்னச் சின்ன ரப்பருக்கு என்ன விலை இருந்துவிடும்? கூரியரும் சுங்கமும் சேரும்போது பொருளின் விலையைத் தாண்டிப் போகிறது. ஹெரால்டு வைத்திருக்கும் நாலு பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்தால் தலைக்குச் சில ஆயிரத்தில் முடியும். நாங்கள் மூன்று பேர் சேர்ந்தோம்.

தரத்தில் ஒரு எச்சரிக்கை. புதிதாகச் செய்யும் ரப்பரெல்லாம் அந்தக் காலத்து ரப்பர் இல்லை. கப்ளிங் வந்ததும் விரலால் அழுத்திப் பாருங்கள், வளைத்துப் பாருங்கள். பள்ளிக்கூட அழிரப்பர் மாதிரி இருந்தால் திருப்பி அனுப்புங்கள். பாலியூரித்தேனில் செய்த கப்ளிங்கும் வருகிறது. ஆயிலுக்கு அசையாது, வீலில் சாலை நன்றாகத் தெரியும். அதிர்வும் கூடவே தெரியும். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களை நினைத்து நான் ரப்பரையே எடுத்தேன். வேகமாக, நெடுந்தூரம் ஓட்டுகிறவர் பாலி எடுத்தால் தப்பு சொல்ல மாட்டேன்.

கப்ளிங் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். புஷ் போனால் வீல் ஆடும், சத்தம் வரும், அவ்வளவுதான். கப்ளிங் அறுந்தால் வீல் உங்கள் கையில் சுற்றும், சக்கரம் அதன் போக்கில் போகும். இதற்கு உள்ளூர் மாற்று தேட வேண்டாம். கன்வேயர் பெல்ட்டை வட்டமாக வெட்டி நாலு ஓட்டை போட்டு மாட்டித் தருகிறேன் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். நான் கும்பிட்டு வந்துவிட்டேன்.

லேத்தில் கடைந்த புஷ்

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு லேத்தை யோசிக்காமல் இருக்க முடியுமா? பம்பு செட்டும் டெக்ஸ்டைல் மிஷினும் கடைந்து பழகிய கைகள். எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு டர்னர் இருப்பார். சில நூறு ரூபாயில், ஒரே சாயங்காலத்தில் புஷ் கையில் கிடைக்கும். நான் அதிக நேரம் தடுமாறியது இங்கேதான், ஏனென்றால் இது உண்மையிலேயே நல்ல வழி, செய்கிற விதத்தில் செய்தால்.

முதல் கேள்வி, எந்தப் பொருளில் கடைவது. வெண்கல வகையான கன்மெட்டல் என்றால் தேயவே தேயாது என்பார்கள். சரிதான், ஆனால் புஷ் தேயாவிட்டால் ஷாஃப்ட் தேயும். அதோடு உலோகத்துக்கு உலோகம் பட்டு, எஞ்சின் அதிர்வெல்லாம் வீலுக்கு வரும். நைலான் விலை குறைவு, கடைவதும் எளிது. ஆனால் நைலான் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்து வீங்கும். கோயம்புத்தூரில் கச்சிதமாகக் கடைந்த புஷ், சென்னையில் ஐப்பசி மழையில் ஷாஃப்ட்டை இறுக்கிப் பிடித்தால் திருப்பத்திலிருந்து வீல் தானாகத் திரும்பி வராது. டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் அந்த அளவுக்கு ஈரம் குடிக்காது, வழுக்கலும் உண்டு. லேத்தில் செய்வதென்றால் டெல்ரின்தான்.

இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. பழைய புஷ் வெறும் வளையம் இல்லை. அதன் வெளிப்புறத்தில் குமிழ் மாதிரி இரண்டு மேடு இருக்கும். அவை வெளிக்குழாயில் உள்ள துளைகளில் போய் உட்காரும். அதனால்தான் புஷ் சுற்றாமலும் கீழே இறங்காமலும் இருக்கிறது. சாதாரண வளையமாகக் கடைந்து அடித்து இறக்கினால், ஆறு மாதத்தில் அது குழாய்க்குள் இறங்கிப் போய்விடும். ஸ்க்ரூ போட்டு நிறுத்தலாம், ஆனால் ஸ்க்ரூவின் முனை ஷாஃப்ட்டைத் தொட்டுவிடக் கூடாது.

எனக்குக் கடைந்து கொடுத்த அண்ணன் அறுபதைத் தாண்டியவர். பழைய புஷ்ஷைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, ஷாஃப்ட்டக் கொண்டாந்தீங்களா?”

“இல்லீங்கண்ணா, அளவு எழுதிட்டு வந்திருக்கேன்.”

“அளவு எதுக்குங்க? ஷாஃப்ட்டக் கொண்டாங்க. தேஞ்ச எடத்துல ஒரு அளவு, தேயாத எடத்துல ஒரு அளவு இருக்கும். நீங்க எதை எழுதுனீங்களோ, எனக்கெப்படித் தெரியும்?”

மறுநாள் ஷாஃப்ட்டைக் கொண்டுபோனேன். மைக்ரோமீட்டரில் பார்த்தார். புஷ் உட்காரும் இடத்தில் தேய்மானம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் அந்தத் தகடு போட்ட கோடு விரலுக்குத் தட்டுப்பட்டது. ஹார்டு குரோம் ஏற்றி கிரைண்டு பண்ணலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார், ஸ்டீயரிங் ஷாஃப்ட்டை இழைத்து மெலிதாக்குவதும் முலாம் ஏற்றுவதும் தேவையில்லாத வேலை. மெல்லிய எமரித் தாளில் எண்ணெய் தொட்டு, கோடு மழுங்கும்வரை மட்டும் தேய்த்தார். புஷ்ஷை அந்த அளவுக்குக் கடைந்தார். ஷாஃப்ட்டைச் செங்குத்தாகப் பிடித்துப் புஷ்ஷை மேலிருந்து விட்டார். தானாக, மெதுவாக, சத்தமில்லாமல் இறங்கியது. “இவ்வளவு போதுங்க. இதுக்கு மேல டைட் வெச்சா சூட்டுல புடிக்கும்” என்றார். வெளிப்பக்கத்தில் இரண்டு காடி எடுத்து ஓ-ரிங் போட்டுக் கொடுத்தார். பழைய புஷ்ஷில் இருந்த ரப்பர் மெத்தையின் வேலையை இனி அந்த ஓ-ரிங் பார்க்கும்.

பவர் ஸ்டீயரிங்

ஐரோப்பாவில் பழைய கார்களுக்கென்றே மின்மோட்டார் வைத்த ராடு செய்கிறார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இறக்குமதி செய்தால் லட்சத்தைத் தாண்டும். இன்னொரு வழி, இங்கே ஓடும் சின்ன மாருதி கார்களின் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் ராடைப் பழைய கடையில் வாங்கி, வெட்டி, ஹெரால்டு ஷாஃப்ட்டோடு வெல்டு வைப்பது. வெல்டு வைத்த இடத்தில் என் குடும்பத்தின் உயிர் தொங்கும், மோதினால் உள்வாங்கும் அமைப்பும் போய்விடும். அதை நான் எடுத்துக்கொள்ளவே இல்லை.

இறக்குமதி செட்டுக்கும் ஒரு தடை இருக்கிறது. ஹெரால்டில் இருப்பது டைனமோ. இருபது சொச்சம் ஆம்பியர்தான் தரும். பவர் ஸ்டீயரிங் மோட்டார் நின்ற இடத்தில் திருப்பும்போது அதைவிட அதிகம் கேட்கும். அப்படியானால் ஆல்டர்னேட்டர், அதற்கேற்ற வயரிங்; பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்த ‘பாசிட்டிவ் எர்த்’ வண்டி என்றால் அதையும் மாற்ற வேண்டும். ஒரு புஷ்ஷில் தொடங்கிய வேலை வண்டி முழுக்கப் படர்ந்துவிடும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2021இல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்து ‘விஏ’ எண் வாங்கலாம். அதற்கு வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும். அந்த விதி குறிப்பாகச் சொல்வது சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றையும்தான், ஸ்டீயரிங்கை இல்லை. இருந்தாலும் அசல் வண்டி என்று சொல்லிக்கொண்டு போய் நிற்கும்போது டேஷ்போர்டுக்கு அடியில் மோட்டார் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கைக்கோ தோளுக்கோ உண்மையிலேயே முடியாதவர், இல்லாவிட்டால் வண்டியை விற்றுவிடத்தான் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர், வெட்டு ஒட்டு இல்லாத முழு செட்டைப் போட்டுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வண்டி ஷெட்டில் தூங்குவதைவிட ஓடுவது மேல். பழைய ராடைத் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். ஆனால் எண்ணூறு கிலோ சொச்சம் எடையுள்ள காருக்கு, ட்ரன்னியனில் ஆயில் இருந்தால், இது தேவைப்படுகிறவர்கள் மிகக் குறைவு.

நான் செய்தது

சொந்த ராடையே வைத்துக்கொண்டேன். புஷ் இரண்டும் இங்கிலாந்திலிருந்து, கப்ளிங்கும் அங்கிருந்து. பெட்டி வந்து சேரும்வரை வண்டியை ஓட்ட டெல்ரின் புஷ்ஷை மாட்டிவைக்கலாம் என்றுதான் லேத்துக்குப் போனேன். மாட்டிப் பார்த்தபின் மேல் புஷ்ஷாக அதையே விட்டுவிட்டேன், ஏனென்றால் தேய்ந்த ஷாஃப்ட்டுக்கு அளவெடுத்துச் செய்தது அதுதான். புதிதாக வந்த புஷ் புது ஷாஃப்ட்டுக்கான அளவு. மேலே போட்டால் துளி ஆட்டம் மிஞ்சியது. தேய்மானமில்லாத கீழ்ப்பக்கத்தில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. ஆகவே ஷாஃப்ட் நல்லபடியாக இருந்தால் வாங்கும் புஷ், தேய்ந்திருந்தால் கடையும் புஷ். கப்ளிங் மட்டும் எந்த நிலையிலும் வாங்குவதுதான்.

கழற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வீல் நட்டைக் கழற்றியபின் வீல் ஸ்பிளைனில் இறுகி நிற்கும். ஷாஃப்ட் தலையில் சுத்தியலால் அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள். அந்த அடி நேராகக் கிளாம்ப்புக்கும் கப்ளிங்குக்கும் பினியனுக்கும் போகிறது. நட்டை இரண்டு மறை மட்டும் திரும்பப் போட்டுவிட்டு, வீலின் இரண்டு பக்கத்தையும் முட்டியால் மாறி மாறி மேல்நோக்கித் தட்டினேன். பத்தாவது தட்டில் ‘பட்’டென்று விட்டது, நட்டு இருந்ததால் மூக்கில் இடிக்கவில்லை. அதற்கு முன் சக்கரத்தை நேராக வைத்து, வீலிலும் ஷாஃப்ட்டிலும் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

திரும்ப மாட்டும்போது முதலில் கிளாம்ப் போல்ட், பிறகு அதன் நடுவில் இருக்கும் ஆலன் ஸ்க்ரூ, கடைசியாக அந்த ஸ்க்ரூவின் லாக் நட். இந்த வரிசை மாறக் கூடாது. கப்ளிங்குக்குப் பழைய நட்டைப் போடவில்லை, அதிர்வில் தளராத புது நைலாக் நட்டுதான். ரப்பர் படும் இடத்தில் சாதாரண கிரீஸ் வைக்காமல் சிலிக்கான் கிரீஸ் வைத்தேன்.

எல்லாம் முடிந்து, வீல் கல்லு மாதிரி நின்றது. ஹார்னை அழுத்தினேன், சத்தமே இல்லை. அரை மணி நேரம் ஃபியூஸையும் வயரையும் நோண்டினேன். பிறகுதான் புரிந்தது. இந்த வண்டியில் ஹார்னுக்கு எர்த் ஸ்டீயரிங் ஷாஃப்ட் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. நடுவில் இருக்கும் கப்ளிங் ரப்பர். மின்சாரம் அதைத் தாண்டாது. அதற்காக ஒரு பக்கத்து போல்ட்டிலிருந்து மறுபக்கத்து போல்ட்டுக்கு ஒரு சின்ன எர்த் வயர் போயிருக்கும். பழைய கப்ளிங்கோடு அதையும் டப்பாவில் போட்டிருந்தேன். எடுத்து மாட்டியதும் தெருவே திரும்பிப் பார்த்தது.

நூல் கட்டி மறுபடி அளந்தேன். மூன்று செ.மீ. இருந்த ஆட்டம் அரை செ.மீ.க்கு வந்திருக்கிறது. மிச்சம் இருப்பது ரேக் மவுண்ட் ரப்பரில். இருநூறு கிலோமீட்டர் ஓடியபின் கிளாம்ப்பையும் கப்ளிங் போல்ட்டுகளையும் திரும்ப இறுக்கிப் பார்த்தேன், ஒன்றும் தளரவில்லை. மவுண்டுக்கு ரப்பரா, அலுமினியமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஈரோட்டில் கெசல் வைத்திருக்கும் ஒருவருக்கும் அது தேவைப்படுகிறது, அடுத்த பெட்டியில் சேர்த்து எழுதியிருக்கிறோம்.